பிரேக்பாயின்ட் வைத்தும் டெஸ்ட் நிற்கவில்லையா?

கேள்வி: நிரலை நிறுத்திப் பார்க்க ஒரு வரியில் பிரேக்பாயின்ட் வைத்து, ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியை 'என்பிஎம் டெஸ்ட்' கட்டளையோடு 'இன்ஸ்பெக்ட்-பிரேக்' (--inspect-brk) ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டுகிறேன். எங்கும் நிற்காமல் எல்லா டெஸ்ட்டுகளும் ஓடி முடிந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: நீங்கள் கொடுத்த ஆப்ஷன், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிடம் போய்ச் சேரவே இல்லை. பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் 'டெஸ்ட்' என்ற பெயரில் இருக்கும் கட்டளையை, நோடின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம், கட்டளைகளை இயக்கும் ஷெல் ஒன்றிடம் ஒப்படைக்கிறது. ஜெஸ்டை ஓட்டும் நோடு அதற்குப் பிறகுதான் பிறக்கிறது. இரட்டைக் கோடு (--) போட்டு அதன்பின் எழுதினால் அந்த ஆப்ஷன் கட்டளையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் இங்கே உதவாது. 'இன்ஸ்பெக்ட்-பிரேக்' நோடுக்கு உரியது, ஜெஸ்டுக்கு உரியது அல்ல. ஓட்டும் கோப்பின் பெயருக்கு முன்னால் அது வர வேண்டும்.

அதனால் பேக்கேஜ்.ஜேசனில் டீபக் (பிழை தேடல்) செய்வதற்கென்றே தனி வரி ஒன்று எழுதிவிடுங்கள். முதலில் நோடு, அடுத்து இன்ஸ்பெக்ட்-பிரேக், பிறகு நோட் மாட்யூல்ஸுக்குள் ஜெஸ்ட் பேக்கேஜின் 'பின்' ஃபோல்டரில் உள்ள ஜெஸ்ட்.ஜேஎஸ், கடைசியில் 'ரன்-இன்-பேண்ட்' (--runInBand). புள்ளியில் தொடங்கும் '.பின்' ஃபோல்டரில் உள்ளதைக் கொடுக்காதீர்கள். விண்டோஸில் அது ஷெல் ஸ்கிரிப்ட். நோடு அதை ஜாவாஸ்கிரிப்ட் என்று எண்ணிப் படித்துத் தொடரியல் பிழை காட்டும். இந்தப் பிழையைப் பார்த்துத் தங்கள் நிரலையே சந்தேகித்து நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ரன்-இன்-பேண்ட் அவசியமா?

பதில்: அவசியம். ஜெஸ்ட் பொதுவாக டெஸ்ட் கோப்புகளைப் பல துணைச் செயல்முறைகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. உங்கள் டீபக்கர் தாய்ச் செயல்முறையில் காத்திருக்கும், பிரேக்பாயின்ட் உள்ள வரியோ வேறொன்றில் ஓடிவிடும்.

கேள்வி: நோட் ஆப்ஷன்ஸ் (NODE_OPTIONS) என்ற சூழல் மாறியில் இன்ஸ்பெக்ட்-பிரேக்கை வைத்துவிட்டால் எளிதல்லவா?

பதில்: என்பிஎம்மும் நோடில் ஓடும் நிரல்தான். முதலில் அதுவே நின்று, டீபக்கர் இணைய வேண்டிய 9229 போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் ஜெஸ்ட், போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக முறையிடும்.

கேள்வி: பிரேக்பாயின்டில் நிற்கிறது. மாறிகளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால் டெஸ்ட் தோற்கிறது!

பதில்: உங்கள் நிரலில் குறை இல்லாமல் இருக்கலாம். ஒத்திசைவற்ற டெஸ்டுக்கு ஜெஸ்ட் தரும் கெடு 5 விநாடி. நீங்கள் யோசித்த நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. டீபக் வரியில் மட்டும் 'டெஸ்ட்-டைம்அவுட்' அளவைக் கூட்டுங்கள். பொது அமைப்பில் கூட்டினால், உண்மையிலேயே தொங்கி நிற்கும் டெஸ்ட் கண்ணில் படாமல் போகும். மோக்கா என்ற இன்னொரு டெஸ்ட் கருவியில் கெடு 2 விநாடி. அதன் இன்ஸ்பெக்ட் ஆப்ஷனைக் கொடுத்தால் அதுவே கெடுவை நீக்கிவிடும்.

கேள்வி: விஎஸ் கோட் எடிட்டர் பயன்படுத்துகிறேன். இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள 'ஜாவாஸ்கிரிப்ட் டீபக் டெர்மினல்' திறந்து வழக்கமான என்பிஎம் கட்டளையையே ஓட்டுங்கள். அங்கிருந்து பிறக்கும் நோடு செயல்முறைகளில் டீபக்கர் தானாக இணைந்துகொள்ளும்.