சக ஊழியர் ஒருவரை எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுவது அந்தக் குழுவைப் பற்றி என்ன காட்டுகிறது?

அங்கே யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. ஒதுக்கப்பட்டவரைப் பற்றி அதிலிருந்து பெரிதாக எதுவும் தெரியாது.

நான் முன்பு வேலை பார்த்த கணக்குப் பிரிவுக்கு ஒருவர் மாற்றலாகி வந்தார். மேலாளரின் பயணப்படி பில்லில் ரசீது இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். விதிப்படி சரியான வேலை. மேலாளர் சத்தம் போடவில்லை, மெமோ கொடுக்கவில்லை. மறுநாள் இவர் வணக்கம் சொன்னபோது, மேலாளர் கையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே கடந்து போனார். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அதன்பிறகு பதினோரு மணி டீக்கு ஒரு தலை குறைந்தது. அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எதிரே இருப்பவருக்கு உடனே போன் வந்துவிடும். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தனியாகக் கேட்டால், "நல்ல மனிதர்தான், நமக்கெதற்கு வம்பு" என்பார்கள். இதில் மிகவும் கறாராக இருந்தவர்கள் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள். கூச்சமில்லாமல் அவரோடு பேசியவர், ஓய்வுபெறப் போகிற தலைமை எழுத்தர் ஒருவர்தான். மேலாளரால் அவருக்கு ஆக வேண்டியது எதுவும் மிச்சமில்லை. பிறகு மேலாளர் வேறு ஊருக்குப் போனதும், "என்ன சார், ஆளையே பார்க்க முடியவில்லை?" என்று இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவரே வந்து விசாரித்தார்!

1968-இல் லாட்டனே, டார்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாதீர்கள் என்று முன்பே சொல்லிவைத்த இருவர் உடன் இருந்தபோது, 10 பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலகத்தில் முதலில் பார்க்கப்படும் முகம் எது என்பதில் சந்தேகமே இருக்காது.

"இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று ஒதுக்கப்பட்டவருக்கு உபதேசம் செய்வது எனக்குப் பிடிக்காது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர், ஒருவருக்கொருவர் பந்தை எறிந்து ஆடும் விளையாட்டு ஒன்றைக் கணினித் திரையில் வைத்துச் சோதித்தார்கள். எதிரே ஆடுவது வெறும் கணினி என்று தெரிந்த பிறகும், பந்து வராதவர்கள் சோர்ந்துபோனார்கள்.

உங்கள் பிரிவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் என்ன தப்பு செய்தார் என்று துருவ வேண்டாம். அவர் வணக்கத்துக்கு முதன்முதலில் பதில் சொல்லாமல் போனவர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் விடுப்பு விண்ணப்பமும் பெரும்பாலும் அவரிடம்தான் கையெழுத்துக்குப் போகும்.