மத்தியானம் ஒரு மணிக்கு பிள்ளைய யாரு கூட்டிட்டு வருவா?

கேள்வி: கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல வாடகை வீட்டுல இருக்கோம், ஓனர் வீட்ட விக்கப் போறாராம், வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். வீட்டுக்காரருக்கு கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலை, எனக்கு சைபர்ஜெயா. மக அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளிதான்னு முடிவு பண்ணிட்டோம். மாமியார் பூச்சோங்ல தனியா இருக்காங்க. ஒரு ஏஜென்ட் செமினியில டபுள் ஸ்டோரி வீடு காட்டினாரு, கேஎல்லுக்கு 35 நிமிஷம்தானாம். பள்ளிக்கு பிரிக்பீல்ட்ஸ் அட்ரஸ் ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தர்றாராம், அதுக்கு தனியா 1,500 வெள்ளி (ரிங்கிட்). புக்கிங்னு 1,000 வெள்ளி அவரு அக்கவுண்டுக்கு போட்டுட்டோம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க தங்கச்சி. இப்போதைக்கு எந்த வீடும் வாங்காதீங்க, ஒரு வருஷம் பூச்சோங்ல மாமியார் வீட்டுக்கு பக்கத்துல வாடகைக்கு போங்க. ஏன்னு சொல்றேன்.

நீங்க எழுதினதுல வீட்டுக்காரருக்கு வேலை எங்க, உங்களுக்கு எங்க, கேஎல்லுக்கு எவ்ளோ நேரம்னு கணக்கு இருக்கு, ஆனா பிள்ளையோட கணக்கு இல்ல. தமிழ்ப்பள்ளி காலையில ஏழரை வாக்குல ஆரம்பிச்சு மத்தியானம் ஒரு மணி, ஒன்றரைக்கு விட்டுடும். நீங்க ரெண்டு பேரும் வீடு வந்து சேர எப்படியும் ஆறரை, ஏழு. நடுவுல இருக்கிற அந்த அஞ்சாறு மணி நேரம் ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளை எங்க இருக்கும், யாரு சோறு போடுவா, யாரு வீட்டுப்பாடம் பார்ப்பா? வீடு எங்கன்னு முடிவு பண்ற கேள்வி இதுதான். எல்ஆர்டி ரயில் பக்கமா, டோல் எத்தனைங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம். என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல பாதிப் பேரு இத யோசிக்கிறது பள்ளி திறந்த முதல் வாரத்துலதான், அப்போ பள்ளி விட்ட பிள்ளைங்கள சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கிற டிரான்சிட் எல்லாம் பக்கத்துல நிரம்பிப் போயிருக்கும்.

செமினி கணக்க மட்டும் போட்டுப் பாருங்க. அங்க ரயில் கிடையாது, எம்ஆர்டி காஜாங்கோட முடிஞ்சுடுது, அதனால காரை எடுத்துட்டு காஜாங் வந்து பார்க்கிங் தேடி, அங்கிருந்து மியூசியம் நெகாரா ஸ்டேஷன் வரைக்கும் முக்கால் மணி நேரத்துக்கு குறையாம உக்காந்து, அப்புறம் கேஎல் சென்ட்ரலுக்கு நடக்கணும். கார்லயே போனா செராஸ் பக்கம் காலையில நிக்கிற ஜேம் உங்களுக்கே தெரியும். அந்த 35 நிமிஷம் ஞாயித்துக்கிழமை காலையிலயோ ராத்திரி பதினோரு மணிக்கோ எடுத்த கணக்கு. பிள்ளை ஏழரைக்கு பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கணும்னா அஞ்சு மணிக்கு எழுப்பணும், பள்ளி விட்டதும் அங்கயே ஏதாவது ஒரு டிரான்சிட்ல போட்டு, அப்பா வேலை முடிஞ்சு கூப்பிட்டு, திரும்ப செமினி வந்து சேர ராத்திரி எட்டு. ஒன்றாம் ஆண்டு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு பதினாலு மணி நேரம் வெளிய. வீட்டுல நாலு ரூம் இருந்து என்ன செய்யறது, தூங்கறதுக்கு மட்டும்தானே அங்க வரப்போறீங்க.

இப்போ அந்த அட்ரஸ் விஷயம். இத நான் கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறேன், ஏன்னா நானே இந்த வீட்டு ஏஜென்ட் தொழில்ல சோறு சாப்பிடுறவன், இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு. ஒன்றாம் ஆண்டு பதிவு கல்வி அமைச்சோட ஆன்லைன் வழியாத்தான் நடக்குது, அப்புறம் பிள்ளையோட பிறப்புப் பத்திரம், அப்பா அம்மா ஐசி (அடையாள அட்டை), வீட்டு முகவரிக்கு கரண்ட் பில்லோ தண்ணி பில்லோ எடுத்துட்டுப் போய் பள்ளியில காட்டணும். இவரு விக்கிறது யாரோ ஒருத்தர் வீட்டு பில்லும், பேருக்கு எழுதின ஒரு வாடகை அக்ரிமெண்டும்தான். அதுல கையெழுத்து போடுறது நீங்க, நாளைக்கு பள்ளியோ கல்வி இலாகாவோ கேள்வி கேட்டா பதில் சொல்லப் போறதும் நீங்க, அந்த ஆளு போனையே எடுக்க மாட்டாரு. பள்ளியிலிருந்து ஒரு அவசரக் கடிதம் வந்தாகூட உங்களுக்கு வராது, அந்த வீட்டுக்குத்தான் போகும்.

இதுல ரொம்ப வேதனையான விஷயம் என்னன்னா, தமிழ்ப்பள்ளிக்கு இப்படி அட்ரஸ் வாங்கவே தேவையில்ல. நாட்டுல 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல நிறைய பள்ளிகள் பிள்ளைங்க பத்தலன்னு தவிக்குது, 150 பிள்ளைக்கும் குறைவா வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் எத்தனை பேர் சேருவாங்கன்னு தலைமையாசிரியருங்க வீடு வீடாப் போறாங்க. தோட்டம் போயி தாமான் (குடியிருப்பு) வந்து, சனம் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம்னு ஆனதுல வந்த நிலைமை இது. டவுன்ல பேரு எடுத்த கொஞ்சப் பள்ளியிலதான் இடம் கஷ்டம். நீங்க நேரா பள்ளி ஆபீசுக்கு போய் "அடுத்த வருஷம் எத்தனை வகுப்பு, இடம் இருக்கா"ன்னு கேட்டா காசில்லாம பதில் கிடைக்கும். கிடைக்கலைன்னா மேல்முறையீடு இருக்கு, சிலாங்கூர்னா மாவட்டக் கல்வி இலாகா, கேஎல்னா பங்சார் புடு, கெராமாட், செந்தூல்னு மூணு வட்டாரக் கல்வி இலாகா இருக்கு. அந்த மேல்முறையீட்டுக்கு பதில் வர்ற வேகத்த நினைச்சாத்தான் எரிச்சலா வருது, அப்பா அம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு கவுண்டர் கவுண்டரா நிக்கணும், யாரு கையில பைல் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்தக் காத்திருப்பு நம்ம மனச உடைக்கிற நேரம் பார்த்துத்தான் இந்த 1,500 வெள்ளி ஆளு உள்ள நுழையறாரு. பதில ஒழுங்கா, சீக்கிரமா சொல்லிட்டா இவங்களுக்கு பிழைப்பே இருக்காது.

வேற வீட்டு அட்ரஸ் கொடுக்கிறது எப்பவுமே தப்பான்னா, ஒரே ஒரு சூழ்நிலைய தனியா வைக்கணும், உங்க வீட்டுலயும் அது வரலாம். பிள்ளை நிஜமாவே பாட்டி வீட்டுல தங்குது, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அங்கதான் சாப்பாடு, அங்கதான் தூக்கம், சனி ஞாயிறுதான் அப்பா அம்மாகிட்டன்னா, அது பொய் அட்ரஸ் இல்ல. அப்படி வாழுற குடும்பம் நம்மள்ல எத்தனையோ இருக்கு. ஆனா அதையும் உள்ளபடி சொல்லணும். நாங்க இங்க இருக்கோம், பிள்ளை பாட்டியோட இருக்கு, இது பாட்டி ஐசி, இது பாட்டி வீட்டு பில்லுன்னு பள்ளியில நேரா சொல்லி, வேற என்ன கடிதம் வேணும்னு அவங்களையே கேட்டு அதைக் கொடுக்கணும். பாட்டி வீட்டுல நீங்களும் வாடகைக்கு இருக்கிற மாதிரி அக்ரிமெண்ட் எழுதக் கூடாது. மாசத்துல ரெண்டு நாள் பாட்டியப் பார்க்கப் போறதையும் "தங்குது"ன்னு சொல்லக் கூடாது. இன்னொண்ணு, பாட்டிக்கு முடியாமப் போனா என்னங்கிறதையும் இப்பவே பேசி வச்சுக்கோங்க, வயசானவங்களுக்கு மூட்டு வலியும் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மெண்டும் இருக்கும், அஞ்சு நாளும் பிள்ளைய பார்த்துக்கோங்கன்னு அவங்க தலையில கட்டிட்டு நாம நிம்மதியா இருக்க முடியாது. மாமியாருக்கு இதுல சம்மதமான்னு முதல்ல கேட்டீங்களா?

பூச்சோங் சொல்றேன்னு அங்க எல்லாம் சுகம்னு நினைச்சுக்காதீங்க. எல்டிபி ஹைவேயில காலையிலயும் சாயங்காலமும் நிக்கிறது நிக்கிறதுதான், ஒவ்வொரு டோலுக்கும் 2.10 வெள்ளி. உங்களுக்கு சைபர்ஜெயா கேஎல்லுக்கு எதிர்ப்பக்கம்ங்கிறதால கார்ல பரவாயில்ல. வீட்டுக்காரருக்கு எல்ஆர்டி இருக்கு, 2016ல வந்த ஸ்ரீ பெட்டாலிங் பாதை நீட்டிப்புல ஐஓஐ பூச்சோங் ஜெயா, பூசாட் பண்டார் பூச்சோங், பண்டார் புத்ரின்னு வரிசையா ஸ்டேஷன், ஆனா அந்த ரயில் நேரா கேஎல் சென்ட்ரல் போகாது, மஸ்ஜிட் ஜாமெக்ல இறங்கி கெலானா ஜெயா பாதைக்கு மாறி ரெண்டு ஸ்டேஷன் போகணும். வீட்டுலேர்ந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலன்னு வச்சுக்கோங்க, மை50 பாஸ் எடுத்தா மாசம் 50 வெள்ளியில முடிஞ்சுடும். இப்போ செந்தூல்லேர்ந்து கொமுட்டர் ரயில்ல நேரா போயிட்டிருந்தவருக்கு இது கஷ்டம்தான். பெரியவங்க ஒருத்தர் கஷ்டப்பட்டா பிள்ளை ஒன்றரை மணிக்கு பாட்டி வீட்டுல சோறு சாப்பிடும், அதுக்காகத்தான் சொல்றேன்.

ஸ்டேஷன் பக்கம்னு விளம்பரம் போட்டா மேப்ப நம்பாதீங்க, நடந்து பாருங்க. நேர்க்கோட்டுல 500 மீட்டர் இருக்கும், நடுவுல ஹைவே, ஏறி இறங்கப் பாலம் இருக்காது. புதுசா ஸ்டேஷன் வரப்போகுது, பள்ளி வரப்போகுதுன்னு சொன்னா வர்றப்போ பார்த்துக்கலாம்னு சொல்லுங்க. ஷா ஆலம் எல்ஆர்டிய 2020ல முடிப்போம்னாங்க, அதை நம்பி வீடு வாங்கினவங்க வருஷக்கணக்கா காத்துக் கிடந்தாங்க. வரைபடத்துல "பள்ளி நிலம்"னு பச்சை கலர்ல இருக்கிற இடத்துல பிள்ளைங்க வளர்ந்து வேலைக்குப் போன அப்புறமும் லாலாங் புல்லுதான் நிக்குது. அதனால பள்ளி நாள் பாருங்க, லீவு நாள்ல இல்ல, காலையில ஆறரைக்கு வீட்டுலேர்ந்து கிளம்பிப் பாருங்க, மழை பெய்யற சாயங்காலம் ஒரு தடவை திரும்பி வந்து பாருங்க.

ஸ்கூல் வேன் வச்சா டிரைவர்கிட்ட லைசென்ஸ், பெர்மிட் கேக்கிறதோட, உங்க பிள்ளைய எத்தனாவதா ஏத்துவாருன்னும் கேளுங்க. முதல்ல ஏறி கடைசியில இறங்குற பிள்ளை நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வேன்ல உக்காந்திருக்கும்.

வாடகைக்கு ஏன் சொல்றேன்னா, வாங்கினா கடன் முப்பது வருஷத்துக்கு மேல ஓடும், தமிழ்ப்பள்ளி ஆறு வருஷத்துல முடிஞ்சுடும். அப்புறம் படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளியோட முதல் வருஷம். பல இடைநிலைப்பள்ளியில படிவம் 1, 2 மத்தியான நேரம், மத்தியானம் போய் ஆறரைக்கு வருவாங்க, உங்க கணக்கு முழுசா மாறிடும். ஆறாம் ஆண்டு முடிச்சவங்க எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போறாங்கன்னு தமிழ்ப்பள்ளியிலயே கேளுங்க, அங்க தமிழ் வகுப்பு நடக்குதான்னும் கேளுங்க, 15 பிள்ளைங்களோட பெற்றோர் கேட்டாத்தான் வகுப்பு. இத முதல் வருஷம் அங்க இருந்து பார்த்து தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் வாங்குங்க.

வாடகைக்கு முன்பணம் கையில வேணும், ரெண்டு மாச டெபாசிட், அரை மாசம் கரண்ட் தண்ணிக்கு, ஒரு மாச வாடகை முன்கூட்டியே, அதாவது 1,500 வெள்ளி வீட்டுக்கு 5,250. அக்ரிமெண்ட கண்டிப்பா ஸ்டாம்ப் பண்ணுங்க. வாடகைக்காரங்களுக்குன்னு தனிச் சட்டம் வரும் வரும்னு எத்தனையோ வருஷமா பேச்சுதான் நடக்குது, அதனால நம்ம கையில இருக்கிற ஒரே பிடி அந்த ஸ்டாம்ப் பண்ணின பேப்பர்தான்.

அந்த 1,000 வெள்ளி. முறையான ஏஜென்ட்னா கழுத்துல ஆர்இஎன் நம்பர் (ஏஜென்ட் பதிவு எண்) போட்ட டேக் இருக்கும், ஏஜென்ட்களப் பதிவு செய்யற வாரியத்தோட வெப்சைட்ல அந்த நம்பரத் தட்டினா பேரும் கம்பெனியும் வரும். புக்கிங் காசு கம்பெனியோட கிளையண்ட் அக்கவுண்டுக்குத்தான் போகணும், ஆளோட சொந்த அக்கவுண்டுக்கு ஒரு காசு போகக் கூடாது. இன்னிக்கே வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க: உங்க ஆர்இஎன் நம்பர் என்ன, எந்தக் கம்பெனி, காசை எந்தத் தேதிக்குள்ள திருப்பித் தர்றீங்க. போன்ல பேசலாம்னு சொல்வாரு, பேசாதீங்க, எழுத்துலயே கேளுங்க. பேங்க் ஸ்லிப்பையும் அட்ரஸுக்கு 1,500 கேட்ட மெசேஜையும் அழிக்காம வச்சிருங்க. ஒரு வாரத்துல பதில் வரலைன்னா போலீஸ்ல ரிப்போர்ட் போட்டு, அந்த ரிப்போர்ட்டோட வாரியத்துலயும் புகார் கொடுங்க. நம்பர் கிடைச்சா எனக்கும் அனுப்புங்க, பதிவுல இருக்காருன்னா புகார எப்படி எழுதணும்னு சொல்லித் தர்றேன்.