இட்டேரி வழியே பழையகோட்டைக்கு

கேள்வி: தை மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காங்கேயம் அருகே உள்ள நத்தக்காடையூரிலிருந்து பழையகோட்டைப் பட்டக்காரர் (கொங்கு நாட்டுப் பாரம்பரியத் தலைவர்) அரண்மனை வரை நடந்தே சென்று வர எண்ணியுள்ளோம். வழியில் எவற்றைப் பார்க்கலாம்? அரண்மனைக்குள் செல்ல இயலுமா? (வாசகர், பெருந்துறை)

பதில்: நல்ல மாதத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளிர்த்த கொழுக்கட்டைப் புல் தையில் இன்னும் காய்ந்துவிடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றும் அப்போது இல்லை. தார்ச்சாலையிலேயே நடந்து முடித்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு, வேலிகளுக்கு இடையே செல்லும் பழைய தடமான இட்டேரி எஞ்சியிருக்கும் இடங்களில் அதற்குள் இறங்கி நடங்கள். இருபுறமும் கிளுவை வேலி, அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் என்று நிழலோடு செல்லும் அந்தத் தடங்கள் பல ஊர்களில் சாலைக்காக அழிக்கப்பட்டுவிட்டன என்பது எனக்குத் தீராத வருத்தம். கிளுவை இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்த மணத்தை மறக்கமாட்டார்கள்.

வேலிக்கு அப்பால் தெரிவது கொறங்காடு. வேலியும் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்த மேய்ச்சல் நிலம் அது. படலை, அதாவது வேலிக் கதவைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் இன்றியே மாடுகள் மேயும். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் புல் கருகிய பின்னும் வெள்வேலங்காய் தீவனமாகும். மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் காங்கேயம் மாடு நிலைத்து நிற்பதற்குக் கொறங்காடே அடிப்படை. செந்நிறத்தில் பிறக்கும் கன்று ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பேர்பெறச் செய்தவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்களே என்பதால், இந்தக் காடுகளைப் பார்த்த பிறகு அரண்மனை முன் நிற்பதுதான் முறை என்பேன். ஞாயிற்றுக்கிழமை சென்றால் பழையகோட்டை மாட்டுத்தாவணியில் (மாட்டுச் சந்தையில்) மயிலை, காரி, செவலை என்று எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் காணலாம்.

அரண்மனை அருங்காட்சியகம் அன்று. அது ஒரு குடும்பத்தின் உடைமை. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் வெளியே நின்று பார்த்துத் திரும்புங்கள். அனுமதி கிடைத்தாலும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கொறங்காட்டுக்கும் இதே நியதிதான்: படலைத் திறந்தால் மறவாமல் சாத்துங்கள்.

கேள்வி: அனுமதி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே, அருகில் வேறு இடம் உண்டா? (அதே வாசகர்)

பதில்: மற்றொரு நாளில் அரச்சலூரை அடுத்த ஓடாநிலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே இருந்த தீரன் சின்னமலையின் கோட்டையைக் கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) தகர்த்துவிட்டது. அவர் 1805ஆம் ஆண்டு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இப்போது அங்கு இருப்பது அரசு எழுப்பிய மணிமண்டபம். யாரும் சென்று பார்க்கலாம். அவருடைய நினைவு நாளாகக் கொள்ளப்படும் ஆடி 18 அன்று கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், சிறு பிள்ளைகளோடு செல்வோர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.