வெறும் கமா ஏன் போதாது?

படிவம் 4 படிக்கும் மகனின் ஆங்கிலக் கட்டுரையில் கமா வரும் இடமெல்லாம் சிவப்பு வட்டம் என்றும், அண்ட், பட், ஸோ போட்டு வாக்கியங்களை இணைக்கும்போது கமா எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே சிவப்பு வட்டம் எனக்கு 32 வயதில் கிடைத்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் லைன் லீடர் நான். காலையில் ஆள் மாறும்போது ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் இப்படி எழுதினேன்: ‘தி மெஷின் ஸ்டாப்ட், ஐ கால்ட் தி டெக்னீஷியன், ஹி சேஞ்ச்ட் தி பெல்ட், இட் ரேன் அகெய்ன்.’ மேலாளர் மூன்று கமாவையும் சுழித்துவிட்டு, நாலு வாக்கியத்துக்கு ஒரே முற்றுப்புள்ளியா என்றார்.

யோசித்துப் பார்த்தால், நான் எழுதியது தமிழ். ‘மெஷின் நின்றுபோய், ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து பெல்ட்டை மாற்றி, மறுபடி ஓடியது’ என்கிறோம். நின்றுபோய், கூப்பிட்டு, மாற்றி எல்லாம் எச்சம். கடைசி வினைமுற்று ஒன்றே அத்தனையையும் முடித்து வைக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டாப்ட், கால்ட், சேஞ்ச்ட் ஒவ்வொன்றும் முற்று. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமா பிடித்து வைக்காது, கூடவே இணைப்புச் சொல் வேண்டும்: ‘தி மெஷின் ஸ்டாப்ட், ஸோ ஐ கால்ட் தி டெக்னீஷியன். ஹி சேஞ்ச்ட் தி பெல்ட், அண்ட் இட் ரேன் அகெய்ன்.’

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் புது எழுவாயும் வினையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு முன் கமா. ‘ஐ செக்ட் தி பெல்ட் அண்ட் கால்ட் ஹிம்’ என்பதில் அண்டுக்குப் பிறகு ‘ஐ’ இல்லை, அதனால் கமாவும் வேண்டாம். இரண்டு பக்கமும் குட்டி வாக்கியமாக இருந்தால் கமாவை விடுபவர்களும் உண்டு. பரீட்சை எழுதும் பையன் போட்டுவிடுவதே நல்லது.

இந்த வேலைக்கு மொத்தம் ஏழு சொற்கள்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ‘ஏனென்றால்’ என்ற பொருளில் ஃபார் புத்தகத்தோடு சரி, பேச்சில் யாரும் சொல்வதில்லை. நார் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும்: ‘ஐ டிட் நாட் டச் தி ஸ்விட்ச், நார் டிட் ஹி.’

ஹவெவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. பட் போலவே பொருள் தருவதால் பிள்ளைகள் அதற்கு முன் கமா போட்டு ஒப்பேற்றுவார்கள். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோதான் வர வேண்டும்.

அப்புறம் ஆல்தோ. அதில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பட் போடக் கூடாது. ‘மழை பெய்தாலும் ஆனால் போனோம்’ என்று நாம் சொல்கிறோமா? இந்த ஒரு இடத்தில் மகனைத் தமிழிலேயே யோசிக்கச் சொல்லுங்கள்.