தாவரவியல் படிக்காதவர்கள் பூக்கும் தாவரக் குடும்பங்களை இணையத்தில் கற்க எந்தத் தளங்கள் உதவும்?

கேட்டவருக்குச் செடியின் பெயர் கைபேசிச் செயலியிலேயே கிடைத்துவிடுகிறதாம். பெயருக்குக் கீழே மால்வேசி, அக்காந்தேசி என்று ஒரு குடும்பப் பெயர் வருகிறதே, அதை எங்கே போய்ப் படிப்பது என்று கேட்டிருக்கிறார். நான் விரும்பிச் செய்யும் வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு தைரியம். பூக்கும் தாவரங்களில் 416 குடும்பங்கள் இருப்பதாக 2016-இல் வெளியான ஏபிஜி நான்காம் வகைப்பாடு, அதாவது தாவரவியலாளர் குழு ஒன்று மரபணு ஆய்வை வைத்துச் செய்த வகைப்பாடு, சொல்கிறது. அத்தனையும் உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு பதினைந்து குடும்பம் பிடிபட்டால் நம் ஊர்த் தெருவோரத்திலும் வயல் வரப்பிலும் பார்ப்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தொடங்க வேண்டிய இடம் தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்புத் தாவரவியல் பாடநூல். தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்று பூவின் உறுப்புகள், மலர் வரைபடம், மலர் சூத்திரம், அப்புறம் சில குடும்பங்களின் முழு விளக்கம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. இந்தச் சொற்கள் பழகாமல் வேறு எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதியில் திரும்பிவிடுவீர்கள். பரீட்சை இல்லாமல் படிக்கும்போது அந்தப் பாடம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஐநேச்சுரலிஸ்ட், பலரும் தாங்கள் பார்த்த உயிரினங்களின் படங்களைப் போட்டு வைக்கும் தளம். பலரும் இதைப் பெயர் கண்டுபிடிக்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். குடும்பம் கற்க விரும்புகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும். தேடல் பக்கத்தில் உயிரினம் என்ற இடத்தில் ஒரு குடும்பத்தின் பெயரையும், இடம் என்ற கட்டத்தில் உங்கள் மாவட்டத்தையும் கொடுங்கள். அங்கே யாரோ எடுத்த அந்தக் குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழும். மால்வேசி என்று கொடுத்தால் செம்பருத்தி, துத்தி, பூவரசு, பருத்தி, வெண்டை எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். நிறம் வேறு, அளவு வேறு, ஒன்று மரம், ஒன்று களை. ஆனால் நடுவில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டி, சூலகத்தண்டைச் சுற்றி ஒரு குழாயாக நிற்பதை இந்த ஐந்திலும் பார்ப்பீர்கள். அதைப் பார்த்தபின், பெயர் தெரியாத பூவிலும் அந்தக் குழாய் கண்ணில் பட்டுவிடும். படம் பார்த்த கையோடு வெளியே போய் ஒரு செம்பருத்தியைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். இந்தப் படி இல்லாமல் எந்தத் தளமும் பயன் தராது என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் அக்காந்தேசி. கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் இதில்தான். தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடிக்குமே, சின்ன வயதில் எல்லோரும் விளையாடிய பட்டாசுக்காய், அதுவும் இதே குடும்பம். வெடித்த காயைத் தூக்கிப் போடாமல் உள்ளே பாருங்கள், விதை இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கொக்கிகள் தெரியும். கனகாம்பரக் காயிலும் அதே கொக்கி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்க்கும் வெண்கண்டலும் இப்போது அக்காந்தேசிதான். அதில் கொக்கி கிடையாது, பார்க்கவும் கனகாம்பரத்தின் உறவு போல இருக்காது. மரபணு ஆய்வுதான் அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

நம் பகுதிச் செடிகளுக்கு மூன்று தளங்கள் போதும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உலர்தாவரகம் (உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) நடத்தும் தீபகற்ப இந்தியத் தாவரத் தளத்தைத்தான் முதலில் சொல்வேன். குடும்ப வாரியாகத் தேடலாம், படங்களும் நம்பகமானவை. மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பங்கெடுத்த பயோடிக் தளம் இருக்கிறது. மூன்றாவது ஈஃப்ளோரா ஆஃப் இந்தியா. 2007-இல் மின்னஞ்சல் குழுவாகத் தொடங்கியது. உறுப்பினர்கள் படம் போட, மற்றவர்கள் காரணம் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். அந்தப் பழைய உரையாடல்களைப் படிப்பதே ஒரு பாடம். இது ஏன் இந்தக் குடும்பம் இல்லை என்று அனுபவசாலிகள் வாதாடுவதை வேறெங்கும் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது.

இனி எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம். பழைய நூலில் எருக்கு ஆஸ்கிளப்பியடேசி என்று இருக்கும், புதிய தளத்தில் அப்போசைனேசி என்று இருக்கும். தேக்கும் நொச்சியும் வெர்பினேசியிலிருந்து துளசியின் குடும்பமான லேமியேசிக்கு வந்துவிட்டன. கீழாநெல்லி யூஃபோர்பியேசியை விட்டு ஃபில்லாந்தேசிக்குப் போய்விட்டது. இலவ மரமும் கொக்கோவும் இப்போது மால்வேசி. வெங்காயமும் செங்காந்தளும் லில்லியேசியில் இருந்தவை. இன்று வெங்காயம் அமரில்லிடேசி, செங்காந்தள் கோல்ச்சிகேசி. யாரும் தவறாக எழுதவில்லை. பழைய வகைப்பாடு உருவ ஒற்றுமையை வைத்துப் பிரித்தது, புதியது மரபணு காட்டும் பரம்பரையை வைத்துப் பிரிக்கிறது.

அதனால் எந்தக் குடும்பப் பெயரையும் ஒருமுறை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன் தளத்தில் சரிபார்த்துவிடுங்கள். பழைய அறிவியல் பெயரைக் கொடுத்தாலே இன்று ஏற்கப்பட்ட பெயரையும் குடும்பத்தையும் காட்டிவிடும். ஆவாரையைக் கேசியா என்ற பேரினப் பெயரோடு (அறிவியல் பெயரின் முதல் சொல்) தேடினால் சென்னா என்று திருத்தித் தரும். ஏன் மாறியது என்ற காரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் மிசௌரி தாவரவியல் பூங்காவில் பீட்டர் ஸ்டீவன்ஸ் 2001 முதல் நடத்திவரும் ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி தளத்துக்குப் போக வேண்டும். ஆழத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் சுருக்கெழுத்துகள் நிறைந்த, நெருக்கமான எழுத்து. முதல் நாளே அங்கே போகாதீர்கள். சில குடும்பங்கள் கைவசமான பின் போனால், ஒரு குடும்பத்தின் நெருங்கிய உறவுகள் எவை என்பதை அங்கே உள்ள கிளை வரைபடங்களிலேயே படித்துக்கொள்ளலாம்.

பழைய நூல்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் அவை இலவசம். 1915-க்கும் 1936-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் ஆய்வாளர்கள் கையில் புழங்குகிறது. பேரினத்தையும் சிற்றினத்தையும் பிரித்தறிய அதிலுள்ள திறவுகோல்கள் அவ்வளவு கச்சிதம், படம் மட்டும் கிடையாது. படத்துக்கு ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஐகோன்ஸ் என்ற இந்தியத் தாவரப் படத் தொகுதிகளைத் திறந்து பாருங்கள், 2101 படங்கள். வைட்டுக்காக வரைந்தவர்களில் ரங்கையாவும் கோவிந்துவும் நம் தென்னிந்திய ஓவியர்கள். பூவைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகப் படத்தின் ஓரத்தில் வரைந்திருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

கடைசியாக, இந்தத் தளங்களில் நீங்களே படம் போட்டுக் கேட்கும்போது பூவின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். பூவின் பின்பக்கம், இலை தண்டில் சேருமிடம், வெட்டிய காய், இந்த மூன்றும் இருந்தால் பதில் விரைவாக வரும். இட்லிப்பூவின் குடும்பமான ரூபியேசியை எதிரெதிர் இலைகளுக்கு நடுவே உள்ள இலையடிச் செதிலை வைத்தே பூ இல்லாமலும் ஊகிக்கலாம், அது படத்தில் தெரிய வேண்டும். கிள்ளினால் பால் வருகிறதா என்பதையும் எழுதுங்கள். ஆனால் எருக்கு, அரளி, கள்ளி வகைகளின் பால் நஞ்சு. கிள்ளிய கையைக் கண்ணில் வைக்காமல் உடனே கழுவிவிடுங்கள், கூடக் குழந்தைகள் இருந்தால் அவர்களைக் கிள்ள விடாதீர்கள்.