கிட் விமானத்தின் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் விமானம்) இறக்கையை மூடும் தோலை (வெளி உறை) எப்படி ஒட்டுவது? எங்கே தவறு நேர்கிறது?

விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி மாதிரி விமானங்களில் இந்தக் கேள்வியே எழாது. நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து, அதன் மேலேயே கண்ணாடி இழைத்துணியைப் படியவைத்து விடுவார்கள். கிளாஸேர், லான்சேர் போல அச்சில் வார்த்த தோல்களோடு வரும் கிட்களில்தான் இந்தத் தலைவலி. ஒரு தோலில் ஸ்பாரையும் (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மைத் தாங்கி) ரிப்களையும் (குறுக்குச் சட்டங்கள்) ஒட்டிவிட்டு, மறு தோலைக் கவிழ்த்து மூடுகிறோம். மூடிய பிறகு ஒட்டு கண்ணில் படாது. ஆகவே முக்கால்வாசி வேலை பசை குழைக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இடைவெளி. மாடலிங் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரிப், ஸ்பார் விளிம்புகளில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக வையுங்கள். தோலைப் போட்டு எடை ஏற்றி, எடுத்து, நசுங்கிய கனத்தை அளந்து பாருங்கள். கையேடு வேறு சொல்லாவிட்டால் 1 முதல் 1.5 மி.மீ. நல்லது. 3 மி.மீ.க்கு மேல் போனால் பசையை அப்பி நிரப்பக் கூடாது. அந்த விளிம்பில் இழைத்துணி அடுக்குகளை ஒட்டி உயர்த்துங்கள். களிமண் முழுக்க நசுங்கிய இடத்தில் ரிப்பைத் தேய்த்து இறக்குங்கள். தோலை அழுத்திப் பிடித்தால்தான் உட்காரும் என்றால் அங்கே ஒட்டவே வேண்டாம். அது காலம் முழுக்க ஒட்டைப் பிரித்து இழுக்கும். எபாக்சி (இரு பாகமாகக் கலந்து உறையவைக்கும் பிசின்) வழுக்கு விசையைத் தாங்கும், உரிக்கும் விசைக்குச் சீக்கிரம் தோற்கும்.

அடுத்தது முறுக்கு. திறந்த இறக்கை துவளும். மூடியதும் பெட்டி போல இறுகி, இருந்த முறுக்கை அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு திருத்த வழியில்லை. தாங்கிச் சட்டங்களில் வைத்து, இறக்கை உடலோடு சேரும் அடியிலும் நுனியிலும் டிஜிட்டல் லெவலால் கோணம் பாருங்கள். எடை ஏற்றிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

ஒட்டும் பரப்பு பளபளவென்று இருந்தால் பசை பிடிக்காது. ஈரப்பதத்தில் உறைந்த எபாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் வரும். அதை அசிட்டோனால் துடைப்பது வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். வரிசை மாறினால் படலத்தைக் கீறலுக்குள் தேய்த்துவிடுவீர்கள். பீல் ப்ளை (உறையும் முன் மேலே படியவைத்து, பின்பு உரித்தெடுக்கும் துணி) உரித்த பரப்பையும் தேய்த்தே ஆக வேண்டும். சுத்தமானதும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது, விரிந்து படிந்தால் சரி. நன்றாக உலரவிடுங்கள். அதன்பின் வெறுங்கை படக் கூடாது.

பசைக் கணக்கு: 12 மீட்டர் விளிம்பு, 2.5 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம் என்றால் 450 கன செ.மீ.; பிதுங்குவதையும் சேர்த்து சுமார் 700 கிராம். அதை ஒரே டப்பாவில் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகும். 150 கிராம் வீதம், மெதுவாக உறையும் ஹார்டனரோடு கலந்து, தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கைவசமுள்ள நேரம் ஏறக்குறைய பாதியாகும். கெட்டியாக்கப் பருத்தித் தூள் (ஃப்ளாக்ஸ்) சேருங்கள். மைக்ரோ பலூன் (உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகளாலான தூள்) பூச்சு வேலைக்குத்தான், ஒட்டுக்கு ஆகாது.

இரு பரப்பிலும் முதலில் வெறும் எபாக்சியைப் பூசுங்கள். மூலை வெட்டிய பிளாஸ்டிக் பையால் பசையை விளிம்பு நடுவில் கூரை முகடு போலப் பிழியுங்கள். அழுத்தும்போது காற்று இருபுறமும் வெளியேறும். தட்டையாகப் பூசினால் காற்று உள்ளே சிக்கும். பலகை வைத்து, 2–3 கிலோ மணல் மூட்டைகளைப் பரவலாக அடுக்குங்கள். இறுக்கிப் பிடித்தால் பசை முழுக்கப் பிதுங்கி ஒட்டு வறண்டுவிடும்.

ஒவ்வொரு கலவையிலும் சிறிது எடுத்து, அதே போலத் தேய்த்த இரண்டு துண்டுகளை ஒட்டி வையுங்கள். முழுதாக உறைந்ததும் பிளந்து பாருங்கள். இழை கிழிந்து வந்தால் நல்லது. பசை வழவழப்பாகக் கழன்று வந்தால் இறக்கையிலும் அதே கதிதான். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் வெற்றிடம் மட்டும் மந்த ஒலியில் தெரியும். தொட்டுக்கொண்டு ஆனால் ஒட்டாமல் இருக்கும் இடம் நல்ல ஒட்டு போலவே ஒலிக்கும்; அதைக் காட்டிக்கொடுப்பது இந்தத் துண்டுகள்தான்.