"ஒன்றுமில்லை அப்பா"

கேள்வி: எனக்கு 42 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் மனைவி, மகள், அப்பாவுடன் இருக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்பாவுக்கு 76. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 36 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அம்மா காலமாகி நான்கு வருடம். உலகத்தில் எந்தச் செய்தி வந்தாலும் அப்பா குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு பகிடி எழுதிவிடுவார். பாணந்துறையில் குரங்கு கரண்டை நிறுத்தியபோது, "எங்கட எக்ஸ்சேஞ்சுக்கு அனுமாரே வந்திருந்தாலும் போன் வேலை செய்திருக்கும்" என்றார். விண்கல் வருகிறது என்றதும், "2032 வரைக்கும் கடன் வாங்கலாம், திருப்பிக் குடுக்கத் தேவையில்லை" என்றார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி, "ஒப்பரேட்டர் பிள்ளையளுக்கு நடந்தது இனி கொம்பியூட்டர் பிள்ளையளுக்கு நடக்கும்" என்று என் தொழிலையே பகிடி பண்ணினார். இதையெல்லாம் பொறுத்தோம். போன ஆகஸ்டில் கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மாமனார், "27ஆம் திகதி இரவு வானத்தில் இரண்டு நிலா தெரியும்" என்று ஒரு செய்தி அனுப்பினார். அப்பா எல்லோருக்கும் முன்னால், "சம்பந்தி, இரண்டு நிலா தெரிஞ்சால் கண் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று எழுதிவிட்டார். தங்கச்சி அழுதுவிட்டாள். அதன்பிறகு அப்பா இல்லாமல் புதிய குழு ஒன்றைத் தொடங்கி எல்லோரும் அதற்கு மாறிவிட்டோம். அவருக்கு இன்னும் தெரியாது. சாப்பிடும்போது நான் போனைப் பார்த்துச் சிரித்தால், "என்னடா?" என்று கேட்பார். "ஒன்றுமில்லை அப்பா" என்றுவிடுவேன். ஆனால் பழைய குழுவில் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. போன கிழமைகூட, "அமெரிக்காவிலே ஒரு மலர்ச்சாலைக்காரர் இருந்தார்" என்று தொடங்கி ஒரு முழத்துக்கு எழுதியிருந்தார். நான் முழுக்க வாசிக்கவில்லை. அவர் மனம் நோகாமல் இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் முழுக்க அப்பாவின் பகிடிகள்தான். நான் அவற்றைப் பிறகு பார்க்கிறேன். "அவருக்கு இன்னும் தெரியாது" என்று போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

தெரியாது என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? 36 வருடம் லைன் செத்துக் கிடக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தே சம்பளம் எடுத்த மனிதர் அவர். பதினைந்து பேர் கதைத்துக்கொண்டிருந்த குழுவில் ஆகஸ்டுக்குப் பிறகு தன் குரல் மட்டும் கேட்கிறது என்பது அவருக்கு விளங்காதா? வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்தால்தான் அந்த இரண்டு டிக்கும் நீலமாகும். யார் பார்த்தார்கள், யார் இன்னும் பார்க்கவில்லை என்று பெயர் பெயராகக் காட்டும் இடமும் அதில் இருக்கிறது. உங்கள் அப்பா அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்று நீங்கள் நம்பலாம். எனக்கு நம்பிக்கையில்லை.

அந்த மலர்ச்சாலைக்காரரின் கதையை நீங்கள் வாசிக்கவில்லை. எனக்கு அது தெரியும். என் பெரியப்பாவின் மகன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். அங்கே வேலை செய்த எவரிடமும் இந்தக் கதை இருக்கும். அந்த ஆளின் பெயர் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவில் கான்சாஸ் சிற்றியில் மரணச் சடங்குகளைப் பொறுப்பெடுத்துச் செய்துகொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் யாருக்குப் போன் எடுப்பதென்றாலும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஒப்பரேட்டரிடம் பெயரைச் சொல்ல வேண்டும், அவர்தான் இணைத்துவிடுவார். ஸ்ட்ரோஜருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ஊரில் சாவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது, இவருடைய போன்தான் அடிக்கவில்லை. காரணம் என்னவென்று பார்த்தால், அந்த எக்ஸ்சேஞ்சில் இருந்த ஒப்பரேட்டர் இவருக்குப் போட்டியாகத் தொழில் செய்தவரின் மனைவியாம். ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளைத் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிட்டாராம். மனைவி என்பது கதையாகவும் இருக்கலாம். ஆனால் தன் அழைப்புகள் வேறெங்கோ திருப்பப்படுகின்றன என்ற ஆத்திரத்தில் அந்த மனிதர் உட்கார்ந்து, இடையில் ஆளே இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கியது வரலாறு. உங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்து எக்ஸ்சேஞ்ச்களில் பலது அவர் போட்ட வழியில் வந்தவைதான்.

இப்போது சொல்லுங்கள். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை இன்னொரு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று கண்டுபிடித்த ஒருவரின் கதையை உங்கள் அப்பா போன கிழமை அந்தக் குழுவில் ஏன் எழுதினார்? அவர் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறார் தம்பி. கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை, தங்கச்சிக்குப் போன் எடுத்து முறைப்பாடு வைக்கவில்லை. தன் தொழிலில் இருந்து ஒரு கதையை எடுத்து உங்கள் முன்னால் வைத்தார். நீங்கள் முதல் வரியோடு போனை மூடிவிட்டீர்கள்.

"ஒன்றுமில்லை அப்பா" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இந்தச் சொல் இருக்கிறது. பக்கத்துக் கதிரையில் இருப்பவர் "என்னடா?" என்று கேட்கிறார். கையில் இருக்கிற போனில் அவருடைய மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருடைய சொந்தத் தம்பி தங்கைகள்கூட இருக்கலாம். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறீர்கள். வீட்டில் ஒரு விசேஷத்துக்கு எல்லோரையும் அழைத்துவிட்டு அப்பாவை அறைக்குள் வைத்துப் பூட்டுவீர்களா? குழு என்று பெயர் மாறினால் பாவம் குறைந்துவிடாது.

சரி, பகிடிகளுக்கு வருகிறேன். நீங்கள் குற்றப்பத்திரிகை போல எழுதி அனுப்பிய ஒவ்வொன்றையும் நான் இரண்டு தரம் வாசித்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. நான் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவை மிக்சியில் போட்டிருந்தேன், பாதியில் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. அன்றைக்குக் குரங்கை வைத்துப் பகிடி விடாதவர் இந்த நாட்டில் இல்லை. ஆனால் உங்கள் அப்பாவின் பகிடிக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே அதே கம்பியில் வரும். 48 வோல்ட். அதற்கென்று ஓர் அறை நிறையப் பற்றரிகள் வைத்திருப்பார்கள். ஊரே இருண்டாலும் ரிசீவரைத் தூக்கினால் டோன் கேட்கும். இன்றைக்கு வீட்டுக்கு வருகிற பைபர் லைனில் அது இல்லை, ரவுட்டருக்குக் கரண்ட் நின்றால் வீட்டுப் போனும் நின்றுவிடும். அனுமாரே வந்தாலும் வேலை செய்யும் என்று அவர் சொன்னது சத்தியமான பேச்சு. அந்தப் பற்றரி அறையைப் பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். கேட்டீர்களா?

விண்கல்லும் அப்படித்தான். அந்தப் பெப்ரவரியிலேயே, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் விழுவதற்கு நூற்றில் மூன்று பங்கு வாய்ப்பு என்றார்கள். ஒரு கிழமைக்குள் கணக்கைத் திருத்தி, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் ஒட்டி அனுப்பிய படத்தில் அப்பா அதற்கும் எழுதியிருக்கிறார்: "கல்லு விலகிட்டுது, கடனைக் கட்டுங்கோ." பயங்காட்டுகிற செய்தியை ஆயிரம் பேர் அனுப்புவார்கள். அது பொய்த்துப்போனால் திரும்பி வந்து சொல்கிறவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் வெளியே விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வேலையைப் பற்றி அவர் சொன்னது பகிடியே இல்லை. வெளியூருக்கு ட்ரங்க் கோல் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்தில் ஒப்பரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்து இணைப்புக் கொடுத்ததைப் பார்த்தவர் அவர். நேரடியாக டயல் பண்ணலாம் என்று வந்த பிறகு அந்தக் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் பார்த்தவர். மகன் கொம்பியூட்டரை நம்பி வீட்டுக்கடன் எடுத்திருக்கிறான், அந்தக் கொம்பியூட்டரே எழுதப் படித்துவிட்டது என்று செய்தி வருகிறது. அவர் தலைமுறை ஆண்களுக்கு "எனக்கு உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வாய் வராது. இப்படித்தான் வரும். "உங்களுக்கு அங்கே எப்படி நடந்தது அப்பா?" என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் அன்றிரவு முழுக்கக் கதைத்திருப்பார்.

ஆகவே பகிடிகள் உங்களுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. அவற்றையெல்லாம் பொறுத்தீர்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தியின் பிழையை அப்பா எடுத்துச் சொன்ன அன்றுதான் குழு மாறியது. அந்த இரண்டு நிலாக் கதை 2003இல் பிறந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 27இல் செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி வந்தது, ஏறத்தாழ 60,000 வருடத்தில் வராத கிட்டம். அப்போதும் தூரம் 5 கோடியே 50 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். நிலா இருப்பது சராசரியாக நாலு இலட்சத்துக்கும் குறைவான தூரத்தில். 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவில் தெரியும் என்று யாரோ சரியாகத்தான் எழுதினார்கள். கைமாறிக் கைமாறி வந்ததில் தொலைநோக்கி விழுந்துபோனது, நிலா மட்டும் மிஞ்சியது. வருடா வருடம் ஆகஸ்ட் வந்தால் அது எங்காவது ஒரு குழுவில் முளைக்கும். அப்பா சொன்னது சரி.

சொன்ன இடம் பிழை. அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டாரை நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படி எழுதக்கூடாது, அதுவும் கண் டொக்டர் என்றெல்லாம். அவரைத் தனியாக அழைத்து, "சம்பந்தி, அது பழைய கதை" என்றிருந்தால் முடிந்துபோயிருக்கும். 76 வயது மனிதருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சி அழுததில் நியாயம் இருக்கிறது, தினமும் அந்த மாமனாரின் முகத்தில் முழிப்பவள் அவள். ஆனால் இதை அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்ல உங்கள் இருவரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயத்துக்கு இத்தனை மாதம் நாடகம் நடத்தியிருக்கிறீர்கள். பெற்றவரைத் திருத்தலாம் தம்பி, அதற்குப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. ஒதுக்கிவைக்க உரிமை இல்லை.

புதிய குழுவில் அவரைச் சேர்க்காதீர்கள். அதை யார் தொடங்கினார், எந்தத் திகதியில் தொடங்கினார் என்று குழுவின் விபரத்திலேயே இருக்கும். அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு பழைய குழுவுக்குத் திரும்புங்கள். போகுமுன் ஆகஸ்டிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகராதீர்கள், பதில் எழுதுங்கள். தங்கச்சியையும் எழுதச் சொல்லுங்கள். கனடாவுக்கு அப்பாவே போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்கள் நம்பரை அழுத்திக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். பெரியவர்கள் இருவர் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் மகளின் படங்களும் வீடியோக்களும் ஆகஸ்டுக்குப் பிறகு எந்தக் குழுவுக்குப் போயின என்று நான் கேட்கவில்லை. பதில் உங்களுக்குத் தெரியும்.

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் "என்னடா?" என்று அவர் கேட்டால், போனை அவர் கையில் கொடுங்கள். கண்ணாடியை எடுக்க எழுந்து அறைக்குப் போவார். வரும்வரைக்கும் சாப்பாட்டில் கை வைக்காமல் இருங்கள்.